கேள்விக்குறி போடாத அம்பு

செவ்வாய்க்கிழமை காலையும் லிஃப்ட் நின்றுவிட்டது.

ஜொகூர் மாநிலத்து மாசாயில் அந்த ஃபிளாட்டுக்குப் பேருக்கு இரண்டு லிஃப்ட். ஒன்றின் கதவில் 'ரோசாக்' என்று மலாயில் எழுதி ஒட்டிய தாள் வெயில் பட்டு வெளுத்துவிட்டது. பழுது என்று சொல்லும் அறிவிப்பே பழுதாகிப்போன பிறகு அந்த லிஃப்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மற்றொன்றுதான் எட்டு மாடிக்கும் ஏறி இறங்குகிறது. அதுவும் மூன்று மாதமாக வாரத்தில் சில நாள் விடியற்காலையில் அடம்பிடித்து நின்றுவிடும். மத்தியானம் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

பிரேமலா வேலைக்குக் கிளம்பி ஆறாவது மாடி நடையில் கால் வைத்தபோது, சந்தனசாமி லிஃப்ட் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறரைக்கெல்லாம் டயாலிசிஸ் மையத்தில் படுக்கையில் இருந்தாக வேண்டும். பக்கத்தில் அவர் மனைவி கத்தரின், ஒரு கையில் பையும் மறு கையில் ஜெபமாலையுமாக, லிஃப்ட் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். கழுவிவிட்ட தரை அவர்கள் காலடியில் பளபளவென்று இருந்தது.

"விடு. அழுத்தி அழுத்தி உன் விரல்தான் தேயும்," என்றார் சந்தனசாமி. கைப்பிடிச் சுவரில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அவர் ஊன்றுகோலை ஓங்கினார். "ச்சூ! பெர்கி! உனக்கென்ன, பறந்து இறங்கிடுவ."

எட்டாவது மாடியில் தங்கியிருக்கும் நேப்பாளத் தொழிலாளர்கள் இருவர் அப்போதுதான் இரவு ஷிஃப்ட் முடிந்து படியேறி வந்தார்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுப் பைகளைப் பிரேமலாவிடம் கொடுத்துவிட்டு, சந்தனசாமியை நாற்காலியோடு தூக்கினார்கள். ஆறு மாடியும் திருப்பத்துக்குத் திருப்பம் நாற்காலியின் கால் சுவரில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் கத்தரின் "யேசுவே" என்றார். கீழே காத்திருந்த வாடகைக் கார் கிளம்பியபோது நன்றாக விடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பிரேமலா திரும்பி வந்தபோது கத்தரின் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"இன்னொரு தடவ லேட்டா வந்தா காலையில இடம் இல்லன்னு நர்ஸ் சொல்லிட்டாங்கமா. ராத்திரி ஷிஃப்டுக்கு மாத்திடுவாங்களாம். ரத்தம் சுத்தம் பண்ணி முடிஞ்சு, நிக்க முடியாத மனுஷன, நட்டநடு ராத்திரியில நான் எப்படிக் கூட்டிட்டு வருவேன்? எம்மவன் எல்வின் சிங்கப்பூர்ல வேல முடிஞ்சு, பாலத்துல ஜாம்ல நின்னு, வீட்டுக்கு வந்து படுக்கறதே கொஞ்ச நேரம்தான். அவனையும் எழுப்பச் சொல்றியா?"

வியாழக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. அதற்குள் அந்த லிஃப்டுக்கு என்ன கேடு என்று தெரிந்தாக வேண்டும்.

விசாரிக்க அவள் கீழே இறங்கியபோது, குடியிருப்பாளர் கமிட்டித் தலைவர் மதிவாணன் அந்தக் கேடு எது என்று பேரே வைத்துவிட்டிருந்தார். மதிவாணனுக்கு நாலு பேர் கூடி நின்றால் போதும், மைக் இல்லாமலே மேடை வந்துவிடும்.

"எட்டாவது மாடிக்கு வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க, லிஃப்ட் போச்சு. இத விட வேற என்ன சாட்சி வேணும்? சைக்கிளு, கேஸ் தோம்பு எல்லாம் உள்ள ஏத்துறாங்க. ஞாயித்துக்கிழம மீட்டிங்ல முடிவு பண்றோம். லிஃப்டுக்குக் கார்டு. வீடு வாங்கினவங்களுக்கு மட்டும் கார்டு. வாடகைக்கு இருக்கறவங்க படி ஏறட்டும்."

காலையில் நாற்காலியைத் தூக்கிய தோள்கள் பிரேமலாவின் கண்ணுக்குள்ளேயே நின்றன. அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அவள் வாய் சும்மா இருக்காது.

"மதி அண்ணே, அவங்க வந்த மாசம்தான் உங்க மகளும் யுனிவர்சிட்டிக்குப் போனா. அதுக்கும் அவங்கதான் காரணமா?"

சிரித்தவர்கள் மதிவாணனின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

"பேசறது சுலபம்லா. அப்ப நீ கண்டுபிடியேன்," என்றார் அவர்.

பிரேமலாவுக்கு அதுதான் பிழைப்பு. பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறாள். பெட்டி பெட்டியாகச் சாமான் திரும்பி வந்தால், ஏன் வந்தது என்று மூலத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய தாளின் வலது ஓரத்தில் நடந்த கெடுதலை ஒரு கட்டத்துக்குள் எழுத வேண்டும். அது ஏன் நடந்தது? அதை இடது பக்கத்துக் கட்டத்தில் எழுதி ஓர் அம்பு போட வேண்டும். அது ஏன்? இன்னும் இடது பக்கம். இப்படியே பின்னால் போக வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். உட்கார்ந்து செய்தால்தான், மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் 'இவன்தான்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள் என்பது தெரியும்.

அந்த முறையில் இரண்டு கட்டளைகளை அவள் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. தாளில் ஆள் பேர் வரக்கூடாது. என்ன நடந்தது என்றுதான் வர வேண்டும். இரண்டாவது, கண்ணால் பார்த்த சாட்சி இல்லாத அம்பின் மேல் பென்சிலால் கேள்விக்குறி போட வேண்டும். இந்த இரண்டாவது கட்டளைக்காக ஒரு தடவை மேனேஜரிடமே மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும், நகைக்கடையில் கொடுத்த பழைய காலண்டரைக் கிழித்துத் திருப்பிச் சுவரில் ஒட்டினாள். வலது ஓரத்தில் எழுதினாள்: 'டயாலிசிஸுக்குத் தாமதம்.' அதற்கு இடப்பக்கம், 'லிஃப்ட் நின்றது.' அத்தோடு பேனா நின்றுவிட்டது.

லிஃப்ட் சரியாக டயாலிசிஸ் நாளில்தான் நிற்கிறது என்று கத்தரின் சொல்லிக்கொண்டிருந்தார். சாத்தானின் வேலை என்பது அவர் எண்ணம். பிரேமலா அதை நம்பவில்லை. வலிக்கிற நாள்தான் மனதில் நிற்கும். மற்ற நாளில் லிஃப்ட் நின்றால் நமக்கென்ன என்று படியில் இறங்கிப் போயிருப்போம். ஆகவே, சந்தனசாமியின் நோயோடு சம்பந்தமில்லாத யாரையாவது கேட்பது என்று கீழே இறங்கினாள்.

படிக்கட்டின் அடியில் மீகூன் நூடுல்ஸ் விற்கும் சீன ஆன்ட்டி கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் யோசிக்கவே இல்லை. செவ்வாய், வியாழன், சனி என்று விரல் மடக்கினார். அந்த நாளில்தான் வாடிக்கையாளர்கள் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்து, மீகூனைத் தொடுவதற்கு முன்னால் ஐஸ் போட்ட தேத்தண்ணி கேட்கிறார்கள். அன்றைக்கு ஐஸ் கூடுதலாக வாங்கி வைப்பாராம்.

சாத்தானுக்கு ஐஸ் கணக்கு தெரிய நியாயமில்லை. அந்த மூன்று நாளில் மட்டும் விடியற்காலையில் ஏதோ ஒன்று நடக்கிறது, வேறு நாளில் நடப்பதில்லை. பிரேமலா லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

பழுது பார்க்க வருகிற ஹாரூன்தான் எடுத்தான். ஜொகூர் பாருவிலிருந்து மோட்டாரில் வருகிறவன். தமிழ்க் குரல் கேட்டதும் அவனுக்கும் கொஞ்சம் சந்தோஷம்.

"தண்ணிக்கா. அஞ்சாவது மாடிக் கதவுக்கு மேல லாக் இருக்கில்ல, அதுல தண்ணி சொட்டியிருக்கு. லாக் நனைஞ்சா லிஃப்ட் ஓடாது, அது பாதுகாப்புக்காக. நான் தொடச்சு, காத்தாடி வச்சுக் காய வச்சா சரியாயிடும்."

"தண்ணி எங்கருந்து வருது?"

"மழைன்னு எழுதிட்டேன்."

"இந்த வாரம் எங்க தம்பி மழ பெஞ்சுச்சு?"

அவன் சிரித்தான். "தண்ணின்னா மழைன்னுதான்க்கா எழுதுவோம். வேற எதாவது எழுதினா ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க." பிறகு ஞாபகம் வந்தவனாகச் சொன்னான்: "ஆனா ஒண்ணு. அந்தத் தண்ணி வாசமா இருக்கும். செராய் வாசம். மத்த பிளாக்ல எல்லாம் லிஃப்ட் குழி நாறும். உங்க பிளாக்லதான் எலுமிச்சப்புல்லு மணக்குது."

போனை வைத்த பிறகும் பிரேமலா அப்படியே நின்றாள். எலுமிச்சைப்புல் வாசத்துக்கு ஆறாவது மாடியில் ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அந்த வாசல் எது என்று அந்த மாடியில் இருக்கிற குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் சந்தனசாமி, ஊசி குத்தும் கையில் கிருமி தொற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அனுப்பும்போது நர்ஸ், சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கையைச் சொன்னாரா, வீட்டைச் சொன்னாரா தெரியாது. கத்தரின் அதை நடை வரைக்கும் இழுத்துக்கொண்டார். நடை முழுக்கப் புறா எச்சம். அன்றிலிருந்து டயாலிசிஸ் நாளில் விடியற்காலையில் எழுந்து, வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுகிறார். வாளியில் எலுமிச்சைப்புல் தைலம். அதோடு திருவிழாவுக்குப் போனபோது கொண்டுவந்த தீர்த்தத்தில் சில சொட்டு. புருஷன் நடந்து போகிற வழி சுத்தமாகவும் ஆசீர்வாதமாகவும் இருக்க வேண்டும் என்று.

ஆனால் நடையைக் கழுவுவது புதிது இல்லையே? தமிழ்க் குடும்பங்கள் குடிவந்த நாள் முதலாக வெள்ளிக்கிழமைக்குக் கழுவியிருக்கின்றன, பண்டிகைக்குக் கழுவியிருக்கின்றன. அப்போதெல்லாம் லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த இடத்தில் அம்பு போட அவளிடம் சாட்சி இல்லை. கேள்விக்குறி போட்டாள்.

மறுநாள் புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும், பிரேமலா ஐஸ் பெட்டியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். கத்தரின் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். சந்தனசாமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் வாசலில் பழத்தை வைத்துக் கையை எடுத்தாள். பழம் கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்ல உருண்டு, மூன்று வாசலையும் தாண்டி, நேராக லிஃப்ட் கதவில் போய் முட்டி நின்றது. நான்கு முறை வைத்தாள். நான்கு முறையும் அங்கேதான் போனது.

கைப்பிடிச் சுவரோரம் குனிந்து பார்த்தாள். முன்பு சிமெண்ட் தரையில் அந்த ஓரமாக ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். கழுவின தண்ணீரெல்லாம் அதில்தான் போகும். போன வருஷம் அதன் மேலேயே டைல்ஸ் பதித்துவிட்டார்கள். டைல்ஸ் வந்த பிறகு மற்ற வீட்டுக்காரர்கள் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி; வாளி வாளியாக ஊற்றுவது கத்தரின் மட்டும்தான். வாய்க்கால் இருந்த இடம் தெரியவில்லை. தண்ணீர் ஓடும் வாட்டம் லிஃப்ட் பக்கம் திரும்பிவிட்டது. பிரேமலா வீட்டுக்குள் போய்ப் பென்சில் கேள்விக்குறியை அழித்துவிட்டு அம்பைப் பேனாவால் அழுத்திப் போட்டாள்.

அடுத்த நிமிஷமே மதிவாணன் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

"அலமாக், பிரேமலா! லிஃப்ட் முன்னால யாரோ எலுமிச்சம்பழம் வச்சு உருட்டினாங்களாம்! லிஃப்டுக்குச் செய்வினைன்னு வாட்சாப்ல வந்திருச்சு! நேப்பாளக்காரங்க வேலையா இருக்குமோ?"

"என் வேலண்ணே. உள்ள வந்து பாருங்க. செய்வினை எல்லாம் சுவத்துலதான் இருக்கு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலது ஓரத்திலிருந்து படித்தார். தாமதம். லிஃப்ட் நின்றது. ஐந்தாவது மாடி லாக் நனைந்தது. நடையில் கழுவும் தண்ணீர் லிஃப்டுக்குள் இறங்கியது. அந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. மேல் கிளையில் 'தரை வாட்டம் லிஃப்ட் பக்கம்', அதற்குப் பின்னால் 'வாய்க்காலின் மேல் டைல்ஸ்' என்று இருந்தது. மதிவாணனின் கண் அங்கே போய் நின்றுகொண்டது. அந்த டைல்ஸைப் போட வைத்தவர் அவர்தான். அதற்காக அவருக்கு மாலை போட்டு எடுத்த படம் இன்னும் கீழே அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

"ஆள் பேரு எதுவும் போடல," என்றார் மெதுவாக.

"போட மாட்டோம்ணே."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வாய்க்கால் வெட்டறதுக்கு நான் பேசறேன். கார்டு கதைய விடு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்போ இந்தத் தண்ணி... கத்தரின் ஆன்ட்டிதானே? நடை கழுவக்கூடாதுன்னு இப்பவே குரூப்ல போட்டுறட்டுமா?"

"வேணாம்ணே. அவங்களுக்கு நான் நேர்ல சொல்லிக்கிறேன்."

சொல்லிக்கிறேன் என்று வீரமாகச் சொல்லிவிட்டாளே தவிர, அவர் போன பிறகு பிரேமலா மறுபடி தாளின் முன்னால்தான் போய் நின்றாள். கீழ்க் கிளையை அவள் இன்னும் முடிக்கவில்லை. 'நடை கழுவுதல்'. ஏன்? 'கிருமி பயம்'. ஏன்? 'புறா எச்சம்'. புறா ஏன் வருகிறது? தெரியவில்லை. ஒரு வெற்றுக் கட்டம் போட்டுக் கேள்விக்குறி வைத்தாள். பிறகுதான் கவனித்தாள். லிஃப்ட் நின்ற நாளில் சந்தனசாமி தாமதமாகப் போகிறார். ஓரிரு மணி நேரம் குறைத்துத்தான் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். சோர்ந்து, வீங்கித் திரும்புகிறார். அதைப் பார்த்துக் கத்தரின் கிருமி மறுபடி வந்துவிட்டது என்று பயந்து, அடுத்த தடவை ஒரு வாளிக்கு இரண்டு வாளியாக ஊற்றுகிறார். வலது ஓரத்துக் கட்டத்திலிருந்து ஓர் அம்பு வளைந்து இடது பக்கம் வந்து கிருமி பயத்திலேயே சேர்ந்துகொண்டது. தொழிற்சாலையில் இத்தனை வருஷத்தில் அவள் வரைந்த எந்தத் தாளும் இப்படி வட்டமாக முடிந்ததில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்த அம்மா எவ்வளவு தேய்க்கிறாரோ, அவ்வளவும் அவரையே இழுத்துப் படியில் தள்ளியிருக்கிறது. இதை எப்படி அவரிடம் சொல்வது?

ஆனால் விடிந்தால் வியாழக்கிழமை. வாளி நிரம்புவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

ஜெபக்கூட்டம் முடிந்து கத்தரின் வந்த சத்தம் கேட்டதும், தாளைச் சுருட்டிக்கொண்டு போனாள். சந்தனசாமி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரின் மைலோ கலக்கக் கிளம்பினார்; பிரேமலா தடுத்து உட்கார வைத்தாள்.

"லிஃப்ட் ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சிருச்சு ஆன்ட்டி."

"யார் செஞ்ச வேலமா?"

"யாருன்னு இதுல இல்ல. எதுன்னுதான் இருக்கு. டைல்ஸ் போட்டப்ப வாய்க்கால மூடிட்டாங்க. அதான் மூலம்." முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

கத்தரின் தாளின் மேல் விரலை வைத்து வலமிருந்து இடமாக ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். பைபிள் படிக்கும்போதும் அப்படித்தான் விரல் வைத்துப் படிப்பார். 'நடையில் கழுவும் தண்ணீர்' என்ற கட்டத்தில் விரல் நின்றது. அதற்கப்புறம் நகரவில்லை.

"நான் தீர்த்தம் கலந்துதானேமா ஊத்துறேன்," என்றார்.

"வாட்டம் சரியில்ல ஆன்ட்டி. யார் ஊத்தியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

கத்தரின் காதில் அது விழவில்லை. "அப்ப இந்த மூணு மாசமா இவர ஆறு மாடி இறங்க வச்சது நானா? ஒரு நாள் நாற்காலியிலருந்து சரிஞ்சாரே, அது என்னாலயா? அந்தப் பிள்ளைங்க தோள் வலிக்கத் தூக்கினாங்களே..." குரல் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெட்டி பெட்டியாகச் சாமான் திரும்பி வரும்போது எந்தப் பெட்டியும் அழுவதில்லை.

சந்தனசாமி தொலைக்காட்சியை அணைத்தார். "கண்ணாடிய எடு," என்றார் பொதுவாக. பிரேமலா எடுத்துக் கொடுத்தாள். பாமாயில் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். வரைபடம் அவருக்குப் புதிதில்லை. தாளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். மேல் கிளை, கீழ்க் கிளை, வளைந்து வரும் அம்பு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு இடது ஓரத்தில் தட்டினார்.

"இது ஏன் வெறும் கட்டமா இருக்கு?"

"புறா ஏன் நம்ம மாடிக்கு மட்டும் வருதுன்னு தெரியல அங்கிள். அதான் கேள்விக்குறி."

"பேனா கொடு."

எழுத்து கோணாமல் இருக்க முயன்று எழுதினார்: 'சோறு போட்டது நான்.'

கத்தரின் முந்தானையை எடுத்தார். "என்னது?"

"நீ பூசைக்குப் போற நாள்ல. மிச்சச் சோறு இருக்குமே, அத அள்ளிப் போடுவேன். நாள் பூரா உக்காந்தே இருக்கேன், போரிங்கா இருக்கு. அதுங்க வந்தா கொஞ்சம் பொழுது போவுது."

அப்புறம் பாருங்கள்.

"அட பாவி மனுஷா! நான் விடியக் காலையில முட்டி தேய அந்த எச்சத்தத் தேய்க்கறேன், நீங்க அதுங்களுக்குப் பந்தி போடுறீங்களா? சோறு குறையுதே குறையுதேன்னு நான் ரெண்டு டப்பா கூட வடிச்சேனே! கிருமி வந்து ஆஸ்பத்திரியில கெடந்தப்பயாவது வாயத் தெறந்து சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னமோ சாத்தான்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன், சாத்தான் என் வீட்டு நாற்காலியிலயே உக்காந்திருக்கு!"

சந்தனசாமி தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். கத்தரினின் கண்ணில் நீர் காய்ந்துவிட்டது. குரல் கணீரென்று இருந்தது. திட்டிக்கொண்டே எழுந்து போய் மைலோவும் கலக்க ஆரம்பித்தார்.

பிரேமலா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல் நடையைப் பார்த்துத்தான் இருக்கிறது. கத்தரின் பூசைக்குப் போகிற நாளில் சந்தனசாமி என்ன செய்வார் என்பதை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிற புறாவையெல்லாம் ஊன்றுகோலால் விரட்டுவார். ஒரு தடவை செருப்பைக் கழற்றி எறிந்து, அது கீழே மீகூன் கடையில் போய் விழுந்து, சீன ஆன்ட்டி திட்டிக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். அந்த நடையில் ஒரு பருக்கைச் சோற்றை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. அது மட்டுமா, எதிர்ச்சாட்சியே இருக்கிறது. பென்சில் அவள் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தொட்டாள். சந்தனசாமி தலையைத் தூக்காமல், கண்ணாடிக்கு மேலாக அவளை ஒருமுறை பார்த்தார்.

பிரேமலா பேனாவை வாங்கி, அவர் எழுதிய கட்டத்திலிருந்து 'புறா எச்சம்' வரைக்கும் அம்பை அழுத்திப் போட்டாள். பக்கத்தில் இருந்த பழைய கேள்விக்குறியையும் விரலால் தேய்த்து அழித்தாள்.

"நாளைக்கு வாளி வேணாம் ஆன்ட்டி," என்றாள், மைலோவை வாங்கிக்கொண்டே. "துணிய நல்லாப் பிழிஞ்சு தொடச்சா போதும். வெள்ளிக்கிழம ஹாரூன் வந்து லிஃப்ட் வாசல்ல ரப்பர் பட்டி ஒட்டறேன்னிருக்கான். அப்புறம் வாய்க்கால் வெட்டுவாங்க."

"தீர்த்தம்?"

"தெளிங்க. தெளிச்சா லிஃப்டுக்கு ஒண்ணும் ஆகாது."

வியாழக்கிழமை அதிகாலையில் பிரேமலா எழுந்து நடைக்கு வந்துவிட்டாள். தூக்கம் வரவில்லை என்பதுதான் உண்மை. தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் லிஃப்ட் தாளைப் படித்துவிட்டா ஓடப்போகிறது? தரை துடைத்துக் காய்ந்திருந்தது. எலுமிச்சைப்புல் வாசம் லேசாக அடித்தது. சந்தனசாமி ஊன்றுகோலோடு லிஃப்ட் வாசலில் நின்றார். கத்தரின் பொத்தானை ஒரே ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மேலே எண்கள் ஒவ்வொன்றாக மாறின. மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தில் மூன்று பேருமே மூச்சு விடவில்லை. ஆறு. கதவு திறந்தது.

சந்தனசாமி உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிரேமலா கதவு மூடாமல் இருக்கப் பொத்தானைப் பிடித்தாள்.

"கம்பிக் கதவப் பூட்டினேனா?" என்று கத்தரின் திரும்பி நடந்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார், பூட்டியிருந்தது. திரும்பி வரும்போது பிரேமலாவின் அருகில் நின்று, லிஃப்டுக்குள் கேட்காதபடி சொன்னார்.

"அவருக்குப் புறான்னாலே ஆகாதுமா. கல்யாணம் ஆன நாள்லருந்து எனக்குத் தெரியாதா?"

பிரேமலா அவர் முகத்தைப் பார்த்தாள். "தெரிஞ்சுமா ஆன்ட்டி அவ்ளோ திட்டினீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? எம்மேல இருந்த பழியத் தூக்கித் தன் தலையில வச்சுக்கிட்டாரு. நான் திட்டலன்னா அவர் சொன்னது வீணாப் போயிடும்ல." முந்தானை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீயும் கவனிச்சுக்க. அந்தக் கட்டத்த அழிச்சிறாத."

உள்ளேயிருந்து சந்தனசாமி அதட்டினார். "அங்க என்ன கதை? ஓடுற லிஃப்ட் நிக்கறதுக்குள்ள வந்து ஏறு."

"வரேன், வரேன். புறாவுக்குச் சோறு வச்சிட்டு வரேன்," என்றபடி கத்தரின் உள்ளே ஏறினார்.

பிரேமலா பொத்தானை விட்டாள். கதவு மூடி, லிஃப்ட் எங்கும் நிற்காமல் கீழே போனது.